திறந்த வாயிலும் திறவுகோலும்

"வந்துவிட்டனர்! மாளிகைவாசிகளே நம் குடிசையைத் தேடி வந்துவிட்டனர்! இனி நமக்கு ஏற்றம்தான்!" என்று பூரித்தனர் ஒரு சாரார்.

"வந்துவிட்டனர்! கதவை அடையுங்கள், தாழிடுங்கள், விளக்கையும் அணையுங்கள்!" என்று பதறினர் மற்றொரு சாரார்.

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எழுந்த குரல்கள் இவை. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்ஆப் எனும் முப்பெரும் கோட்டைகளின் உடைமையாளரான மெட்டா நிறுவனம், அத்திங்கள் 5-ஆம் நாள் த்ரெட்ஸ் எனும் செயலியை வெளியிட்டது. வெளியிட்டதோடு நில்லாமல், இச்செயலி தனித்து நிற்காது, மையமற்ற சமூக வலைகள் பின்பற்றும் பொது நெறிமுறையை ஏற்று அவற்றோடு உறவாடும் என்றும் அறிவித்தது. சுவர் எழுப்பியே செல்வம் திரட்டிய நிறுவனம், சுவரில் வாயில் வைக்கப்போவதாகக் கூறிற்று! வியப்பு எழாதா? ஐயம் எழாதா? இரண்டும் எழுந்தன.

பூரிப்பும் பதற்றமும் மனித இயல்பு. ஆயினும், பூரிப்பைக்கொண்டு எடை போட முடியாது. பதற்றத்தைக்கொண்டு வழி காண முடியாது. பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாயிலைத் திறந்தவர், திறவுகோலை எவரிடம் கொடுத்திருக்கிறார்?

விடை காணுமுன், மாளிகை எது, குடிசை எது என்று தெரிந்துகொள்வோம்.

நாம் அன்றாடம் எழுதிக் குவிக்கும் பெரிய சமூக வலைத்தளங்கள், பழைய ஜமீன் முறையை நினைவூட்டுகின்றன. நிலம் அவருடையது, உழைப்பு நம்முடையது. எழுதுகிறோம், வாதிடுகிறோம், படம் இடுகிறோம், பாராட்டுகிறோம், பழிக்கிறோம். விளைச்சலோ, விளம்பர வருவாயாகி அவர்தம் களஞ்சியம் புகுகிறது. "வெளியேறு!" என்று ஒருநாள் கூறிவிட்டால், பத்தாண்டு உழைத்துச் சேர்த்த வாசகர் கூட்டத்தை வரப்பிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையுடன் நடக்க வேண்டியதுதான்.

இம்முறைக்கு மறுப்பாக எழுந்ததே மையமற்ற வலை. 2016-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ எனும் இளைஞர், மாஸ்டடான் எனும் மென்பொருளை வெளியிட்டார். அதை எவரும் விலையின்றி எடுத்து, சர்வர் எனப்படும் வழங்கியில் நிறுவித் தாமே நடத்தலாம். பல்கலைக்கழகம் ஒன்று நடத்தலாம். எழுத்தாளர் குழு ஒன்று நடத்தலாம். நண்பர் பத்துப் பேர் கூடி நடத்தலாம். ஒவ்வொரு வழங்கிக்கும் தனி நிர்வாகம், தனி விதிகள். ஆனால், ஒரு வழங்கியில் குடியிருப்பவர் மற்றொரு வழங்கியில் குடியிருப்பவரைப் பின்தொடரலாம், உரையாடலாம். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மடல் செல்வதைப் போல! இவ்வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். உலகளாவிய வலைக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு, 2018 ஜனவரியில் அதனைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாத மொழி அது.

இந்த அமைப்புக்கு ஃபெடிவெர்ஸ் என்று பெயரிட்டிருக்கின்றனர். 'கூட்டாட்சி', 'பேரண்டம்' எனும் பொருளுடைய இரு ஆங்கிலச் சொற்களின் இணைப்பு அது. கூட்டாட்சி! இச்சொல்லுக்கு நம் இளைஞர்க்கு அகராதி தேவையோ? இணைந்திருப்போம், ஆனால் கரைந்துவிட மாட்டோம். உறவு உண்டு, அடிமைத்தனம் இல்லை என்பதன்றோ அதன் பொருள்! எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றனர் நம் மூதாதையர். வளைகள் தனித்தனி, வளைகளிடையே பாதை பொது. இதுவே மையமற்ற வலையின் தத்துவம்.

அந்த வளைகளைத் தேடி மக்கள் ஏன் சென்றனர்? மாளிகையில் அவமதிப்பு நேரும்போதெல்லாம் சென்றனர்.

2019 அக்டோபர் இறுதியில், உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கிற்று. அவர் செய்த குற்றம் யாது? 1936-ஆம் ஆண்டின் புகைப்படம் ஒன்றைத் தம் பக்கத்தில் வைத்திருந்தார். நாஜி வணக்கம் செலுத்தக் கை நீட்டி நிற்கிறது ஒரு கூட்டம். நடுவே ஒரே ஒரு மனிதன் மட்டும் கைகளைக் கட்டியபடி நிற்கிறான். அடங்க மறுத்தவனின் படத்தை, வெறுப்பூட்டும் படம் என்று கணித்துவிட்டது நிறுவனம்! அந்த நவம்பரில், ஒடுக்கப்பட்டோர் குரலுக்கு ஒரு நீதி, உயர்ந்தோர் குரலுக்கு ஒரு நீதி என்ற குற்றச்சாட்டும் உடன் எழ, இந்தியப் பயனர் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். ஆனால், சென்ற வேகத்திலேயே பலர் திரும்பியும் வந்தனர். ஏன்? புதிய வீடு நன்றாகத்தான் இருந்தது. ஊர் அங்கு இல்லை! நண்பரும் பகைவரும், செய்தியும் சண்டையும் பழைய இடத்திலேயே இருந்தன.

2022 அக்டோபர் 27-இல், ட்விட்டரை எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். மீண்டும் ஒரு குடிபெயர்ச்சி. திங்கள்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. அந்த டிசம்பரில், மாஸ்டடான் முகவரிகளைத் தன் தளத்தில் குறிப்பிடுவதையே ட்விட்டர் சில காலம் தடை செய்தது. குடியிருப்பவன், அண்டை வீட்டின் முகவரியைச் சொல்வதும் குற்றமாம்! எதிர்ப்புக் கிளம்பியதும் தடை விலகிற்று. ஆயினும், ஜமீனின் உள்ளம் வெளிப்பட்டுவிட்டது.

இந்த 2019-ஐயும் 2022-ஐயும் மனத்தில் கொள்ளுங்கள். மக்களைக் கட்டிப்போடும் சங்கிலி, செயலியின் அழகில் இல்லை. அங்கே கூடியிருக்கும் மக்களே அச்சங்கிலி. கூட்டம் எவனிடம் இருக்கிறதோ, அவனிடமே அதிகாரம். பெரு நிறுவனம் மையமற்ற வலைக்குள் நுழையும்போது, அது கொண்டுவருவது செயலியை மட்டுமன்று. அந்தக் கூட்டத்தையும் கொண்டுவருகிறது.

எத்தனை பெரிய கூட்டம்! த்ரெட்ஸ் வெளிவந்த ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் பதிவு செய்தனர். இன்ஸ்டகிராமில் கணக்கு வைத்திருந்தோர் அதையே கொண்டு உள்ளே நுழைய முடிந்தது என்பதால் நேர்ந்த அற்புதம் அது. 2025 ஆகஸ்டில், திங்கள்தோறும் பயன்படுத்துவோர் 40 கோடி என்று அறிவித்தனர். பல ஆண்டு உழைத்து மாஸ்டடான் தன் உச்சத்தில் கண்ட தொகையோ 25 இலட்சம். யானை ஒன்று, ஆட்டுக்கிடைக்குள் நட்புப் பாராட்டி வருகிறது. யானையின் உள்ளம் நல்லதாகவே இருக்கட்டும். அது திரும்பிப் படுத்தால் என்னாகும்?

வாயில் எவ்வாறு திறந்தது என்பதையும் காண்போம். 2023 டிசம்பரில், ஒரு சில கணக்குகளைக்கொண்டு சோதனை. 2024 மார்ச்சில், அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டில், 18 வயது கடந்தோர்க்கு மட்டும் அனுமதி. அதுவும் பயனரே தேடிச்சென்று இசைவு தந்தால்தான். அவ்வாண்டு டிசம்பரில், வெளி வழங்கிகளில் உள்ளோரைத் த்ரெட்ஸிலிருந்து பின்தொடரும் வழி. 2025 ஜூனில், வெளியிலிருந்து வரும் பதிவுகளுக்கென்று தனி வரிசை ஒன்று. தனி வரிசை! உள்ளூரார் எழுதியதோடு கலவாமல், வெளியார் எழுதியதற்கு வேறு பட்டியல். விருந்துக்கு அழைத்தனர்; உணவும் இட்டனர்; பந்தி மட்டும் தனிப்பந்தி! தனிப்பந்தியின் பொருளை நாம் அறியாதவர்கள் அல்லர்.

எனினும் நீதி கூற வேண்டும். அளித்த வாக்கை அடியோடு மறந்துவிட்டனர் என்று கூறுவதற்கில்லை. பகுதி பகுதியாக நிறைவேற்றினர். எதற்காக நிறைவேற்றினர்? ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய எண்மச் சந்தைச் சட்டம், வாட்ஸ்ஆப் போன்ற பெரும் செய்திச் செயலிகள் பிற செயலிகளோடும் பேச வேண்டுமென்று கட்டளையிட்டது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் தொடரப்பட்ட ஏகபோக வழக்கு, த்ரெட்ஸ் பிறந்தபோது நிலுவையில் இருந்தது. 2025 நவம்பரில்தான், நிறுவனத்துக்குச் சாதகமாக, அதில் தீர்ப்பு வந்தது. இத்தகைய வேளையில், "எங்கள் வாயில் திறந்தே இருக்கிறது, பாருங்கள்" என்று காட்டுவது பயனுடையதே. அதுவே காரணம் என்று நாம் அடித்துக் கூறவில்லை. பிறர் உள்ளத்தைப் படிப்பது சோதிடர் தொழில். செயலையும் விளைவையும் ஆராய்வதே நம் தொழில். அதற்கு வரலாறு துணை நிற்கிறது.

அந்த வரலாறு, ஜாபர் எனும் பெயரில் 1999-இல் தொடங்குகிறது. உடனடிச் செய்தி அனுப்புவதற்கு, எவரும் எடுத்தாளத்தக்க பொது நெறிமுறை ஒன்றை ஆர்வலர் ஆக்கினர். பின்னர் எக்ஸ்எம்பிபி என்று பெயர் பெற்று, 2004-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. இன்றைய மாஸ்டடானைப் போலவே, ஆயிரமாயிரம் சிறு வழங்கிகள். ஒன்றோடொன்று பேசும் உறவு.

2005 ஆகஸ்டில், கூகிள் நிறுவனம் கூகிள் டாக் எனும் செயலியை அந்நெறிமுறையின் மீதே கட்டி எழுப்பிற்று. 2006 ஜனவரியில், பிற வழங்கிகளோடும் பேசலாம் என்று வாயிலைத் திறந்தது. அன்றும் இதே பூரிப்பு! "உலகப் பெரு நிறுவனமே நம் மொழியைப் பேசுகிறது, இனி வெற்றி நமதே" என்று மகிழ்ந்தனர். மகிழ்ச்சியில் பொருள் இருந்தது. சிறு வழங்கியில் இருந்தவர், கூகிளில் இருந்த நண்பரோடு தடையின்றி உரையாடினார். நாள் செல்லச் செல்ல, அவருடைய நண்பரில் மிகப் பலர் கூகிளிலேயே இருந்தனர். உரையாடல் என்றாலே கூகிளோடு உரையாடல் என்றாயிற்று.

2013 மே திங்களில், கூகிள் டாக்குக்கு மாற்றாக ஹேங்கவுட்ஸ் எனும் புதுச் செயலி வந்தது. அதில், வெளி வழங்கிகளோடு பேசும் வழி இல்லை! போர் நிகழவில்லை; குண்டு வெடிக்கவில்லை. ஒரு புதுச் செயலி, ஒரு புது வடிவம், ஒரு புதுப் பெயர், அவ்வளவே. கூகிளில் இருந்த கோடிக்கணக்கானோர்க்கு எதுவும் நேர்ந்ததாகவே தோன்றவில்லை. சிறு வழங்கிகளில் இருந்தோர்க்கோ, ஒவ்வொருவராக நண்பர்கள் மறையத் தொடங்கினர். அழைத்தால் விடை இல்லை. என் செய்வர்? நண்பரை இழப்பதா, வளையை இழப்பதா? பலர் வளையை இழந்தனர்.

எக்ஸ்எம்பிபி மாண்டுவிட்டதா? இல்லை, இன்றும் வாழ்கிறது, ஆர்வலர் பேணுகின்றனர். கூகிள் வாராதிருந்தால் அது உலகை வென்றிருக்கும் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம்; கைபேசி யுகத்துக்கு ஏற்ப அது விரைந்து மாறவில்லை என்ற குறையும் உண்டு. ஆனால், ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது: பெரியவரை நம்பி வளர்ந்த உறவு, பெரியவரின் ஒரே முடிவால் அறுந்தது. அம்முடிவில் சிறியவர்க்கு வாக்கு இல்லை.

மெட்டாவின் கதையோ இன்னும் நெருக்கமானது. ஃபேஸ்புக், 2010 பிப்ரவரியில் தன் உரையாடல் பகுதிக்கு இதே நெறிமுறையில் ஒரு சாளரம் வைத்தது. வெளிச் செயலியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். வெளி வழங்கியோடு உறவாட முடியாது. 2015-இல் அச்சாளரத்தையும் மூடிவிட்டது. வாட்ஸ்ஆப், இதே நெறிமுறையின் திருத்திய வடிவைக்கொண்டே வளர்ந்தது, ஆனால் சுவருக்குள்ளே! பொதுக் குளத்து நீரை எடுத்துத் தன் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றி வேலியும் இட்ட கதை. அந்த வாட்ஸ்ஆப்பை 2014-இல் வாங்கியவரே, இன்று மையமற்ற வலையின் வாயிலில் புன்னகையுடன் நிற்கிறார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழி நினைவுக்கு வந்தால், அது நம் குற்றமோ?

இனி, இரு சாராரின் வாதங்களையும் எடை போடுவோம்.

கதவை அடையுங்கள் என்றோர், த்ரெட்ஸ் வெளிவருமுன்னரே, 2023 ஜூனில், உறுதிமொழி ஒன்றை ஏற்றனர்: மெட்டாவின் வழங்கி எதுவாயினும் தடுப்போம் என்று. நூற்றுக்கணக்கான வழங்கிகளின் நிர்வாகிகள் கையெழுத்திட்டனர். "இது புதுவகைத் தீண்டாமையன்றோ?" என்று கேட்போரும் உளர். அன்று, தோழர்களே, அன்று! தீண்டாமை என்பது, வலியவன் மெலியவனைத் தெருவுக்குள் விடாமல் தடுப்பது. மெலியவன் தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வது தீண்டாமை ஆகாது; அது தற்காப்பு. 2019-இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் எனும் தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, வழங்கிகள் பல அதனைத் தடுத்து ஒதுக்கின. கூட்டாட்சியில், உறவு கொள்ளும் உரிமைக்கு உறவை மறுக்கும் உரிமையும் உட்பட்டதே.

ஆயினும், தற்காப்பு மட்டுமே கொள்கையாகிவிடாது. தாழிட்ட வீட்டுக்குள் நூறு பேர் தூய்மையாக வாழலாம். வெளியே கோடிப் பேர் ஜமீனில் உழுதுகொண்டிருப்பார்களே, அவர்கள் கதி? அவர்கள் வெளியேறி வருவதற்கு ஒரு பாதை வேண்டாமா?

வரவேற்போர் வாதமும் வலிவற்றதன்று. மாஸ்டடானைப் படைத்த ரோச்கோவே, த்ரெட்ஸ் வந்த நாளில் அமைதியாக விளக்கினார்: பிறர் நடத்தும் வழங்கியில் மெட்டா விளம்பரம் புகுத்த முடியாது, அங்கிருப்போரின் நடமாட்டத்தை வேவு பார்க்க முடியாது, பெரு நிறுவனமே பொது நெறிமுறையை ஏற்பது இயக்கத்தின் வெற்றி என்று. உண்மைதான். திருட்டைத் தடுக்கும் பூட்டு அவ்வமைப்பில் உண்டு. ஆனால், ஜாபர் இல்லத்தில் திருட்டா நடந்தது? எவரும் எதையும் திருடவில்லையே! உறவு வளர்ந்தது, சார்பு வளர்ந்தது, ஒருநாள் உறவு அறுந்தது. பூட்டு, சார்பைத் தடுக்காது.

ஆகவே, ஒரு சாரார் வந்தவரின் பெயரைப் பார்த்து அஞ்சினர். மறு சாரார் வந்தவரின் மொழியைக் கேட்டு மயங்கினர். பார்க்க வேண்டியது பெயரையுமன்று, மொழியையுமன்று. வெளியேறும் உரிமையையே பார்க்க வேண்டும்.

மாஸ்டடானில் ஒரு வழங்கி பிடிக்கவில்லையெனில், மற்றொன்றுக்குப் பெயரலாம். பின்தொடர்வோரும் உடன் வருவர். பழைய பதிவுகள் உடன் வாரா என்பது குறைதான். எனினும் ஊரை உடன் அழைத்துக்கொண்டு செல்லும் உரிமை உண்டு. இன்ஸ்டகிராமின் தலைவர் ஆடம் மொசெரி, தொடக்க நாளிலேயே, த்ரெட்ஸை விட்டு நீங்குவோர் தம் வாசகரையும் அழைத்துச் செல்லக்கூடிய நிலை வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். நல்ல சொல்! அந்தச் சொல்லையே அளவுகோலாகக் கொள்வோம். உள்ளே வருவதற்கு வாயில் திறப்பவர் வணிகர். வெளியே போவதற்கும் திறப்பவரே கூட்டாளி. எந்தச் செயலியாயினும், எந்த நிறுவனமாயினும், இந்த ஓர் உரைகல்லில் உரசிப் பாருங்கள்.

புளூஸ்கையையும் உரசிப் பார்க்கலாம். ட்விட்டரின் உள்ளேயே 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, பின்னர் தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அனைவர்க்கும் திறக்கப்பட்ட வலை அது. அவ்வாண்டு நவம்பரில் 2 கோடிப் பேரைக் கடந்தது. கணக்கைப் பெயர்த்துச் செல்லும் உரிமையை அதன் அடித்தளத்திலேயே பதித்திருக்கின்றனர், பாராட்டுகிறோம். ஆனால், பயனரில் மிகப் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் இயந்திரங்களிலேயே குடியிருக்கின்றனர். ஏட்டில் கூட்டாட்சி, நாட்டில் ஒற்றையாட்சி! உரிமை எழுதப்பட்டிருந்தால் போதாது. உரிமையைப் பயன்படுத்தச் செல்லும் இடமும் இருக்க வேண்டும்.

சிறு வழங்கிகளைப் பற்றியும் ஒரு சொல். சிறியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. சிறு வழங்கியின் நிர்வாகி, தம் எல்லைக்குள் முடிசூடா மன்னராகலாம். களைத்துப்போய் ஒருநாள் கடையைக் கட்டினால், குடியிருந்தோர் நடுத்தெருவில் நிற்பர். நற்பெயர் பெற்ற மொசில்லா அமைப்பே, தான் நடத்திய மாஸ்டடான் வழங்கியை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. மன்னரை ஒழித்துக் குறுநில மன்னரைக் கொணர்வது குடியாட்சி அன்று. இதனை உணர்ந்ததாலோ என்னவோ, மாஸ்டடானின் உடைமைகளைத் தனி மனிதர் கையிலிருந்து இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு மாற்றுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தனர். நவம்பரில் ரோச்கோ தலைமைப் பதவியிலிருந்து தாமே விலகினார். தாம் கட்டிய வீட்டின் திறவுகோலைத் தாமே பிறரிடம் ஒப்படைப்போர் எத்தனை பேர்?

இனி நாம் செய்ய வேண்டியது யாது? "பெருமுதலாளிகளோடு நாம் மோத முடியுமா?" என்று சோர்வோர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவேன். 2015 பிப்ரவரியில், இதே ஃபேஸ்புக் நிறுவனம், இலவச இணையம் என்ற பெயரில் தான் தேர்ந்த சில தளங்களை மட்டும் காட்டும் திட்டத்தை இந்தியாவில் சில மாநிலங்களில் தொடங்கிற்று. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. இலவசம் என்றதும் கை நீட்டவில்லை மக்கள்; கேள்வி கேட்டனர். எவை இலவசம், எவர் தேர்ந்தது, ஏன் தேர்ந்தது என்று இலட்சக்கணக்கான மடல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று ஆணையம் விதி வகுத்தது. திட்டம் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. மடல் எழுதிய கைகள் நம்மைப் போன்ற இளைஞர் கைகளே.

அதே விழிப்பு இன்றும் வேண்டும். பிற செயலிகளோடும் பேச வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டத்தின் கட்டளை, செய்திச் செயலிகளோடு நிற்கிறது. சமூக வலைகளிலும் வெளியேறும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்போம். எழுதுவோர், தம் எழுத்தின் படியைத் தம்மிடமும் வைத்திருக்கட்டும். ஜமீனில் எழுதினாலும், வளையிலும் ஒரு முகவரி வைத்திருக்கட்டும். மன்றங்களும் படிப்பகங்களும் நடத்தப் பழகியவர்கள் நாம். ஒரு வழங்கியை நடத்தக் கற்றுக்கொள்வது நமக்கு இயலாததன்று. அதற்கு ஆகும் செலவை, படிப்பகத்துக்குச் சந்தா தருவது போல், பயன்படுத்துவோர் பகிர்ந்துகொள்ளட்டும். விலையின்றிக் கிடைக்கும் வீட்டில் வாடகை வேறு வழியில் வாங்கப்படும் என்பதை மறவாதிருப்போம்.

மாளிகைவாசிகள் வரட்டும். வருவோரை வரவேற்போம், உரையாடுவோம், அவர்தம் மாளிகையில் அடைபட்டோர்க்கு வெளியே வரும் வழியையும் காட்டுவோம். நாளை அவர்கள் வாயிலை அடைத்துவிட்டாலும், நம் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். நம் நண்பர் நம்மை வந்தடைய வழி இருக்க வேண்டும். அதற்கு, திறவுகோல் நம் இடுப்பில் இருக்கட்டும்.